கணக்கு கம்ப்யூட்டரிலா, இன்டர்நெட்டிலா? சாவி நம்ம கையில் இருக்கட்டும்

(வேப்பம்பட்டில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன் என்று ஆரம்பித்த நம்ம குழுக்களில் இன்றைக்குப் பலர் தொழில் செய்கிறோம். மசாலாப் பொடி, ஊறுகாய், தையல், பாக்குமட்டைத் தட்டு, துணிப்பை என்று ஆளுக்கொரு தொழில். வியாபாரம் கொஞ்சம் வளர்ந்ததும் எல்லாக் குழுவிலும் ஒரே கேள்விதான் வருகிறது. "நோட்டுல எழுதி மாளலை, கம்ப்யூட்டர்ல ஏத்திடலாமா? டாலி வாங்கிப் போடலாமா, இல்லை மாசா மாசம் பணம் கட்டி போன்லயே பார்க்கிற ஆன்லைன் சாப்ட்வேர் எடுக்கலாமா?"

இது எங்கோ பெரிய கம்பெனிக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் என்று நினைக்காதீர்கள். குழு நடத்துவதற்கு நாம் படித்த ஐந்து சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் கொடுத்தல், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுதல், ஐந்தாவதாகக் கணக்குப் புத்தகம். முதல் நான்கும் சரியாக நடக்கிறது என்பதற்குச் சாட்சி ஐந்தாவதுதான். வங்கியில் கடன் கேட்டுப் போனால் மேலாளர் நம் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, புத்தகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். ஆகவே கணக்கு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது நம் எல்லோருடைய பணத்தையும் பற்றிய கேள்வி.

வந்த வழி

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் இஃபாட் என்ற பன்னாட்டு நிதி உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. அப்போதிலிருந்து தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு, உறுப்பினர் பாஸ்புக் என்று கையெழுத்திலேயே கணக்கை வளர்த்திருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்த எத்தனையோ பெண்கள் இன்றைக்கு ரொக்க இருப்பைச் சரிபார்க்கிறார்கள்.

2015-ல் நபார்டு வங்கி 'இ-சக்தி' என்ற திட்டத்தில் குழுக்களின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தது. முதலில் எடுத்துக்கொண்டது ஜார்கண்டில் ராம்கர், மகாராஷ்டிராவில் துலே என்ற இரண்டு மாவட்டங்களை. இப்போது மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் 'லோக் ஓ.எஸ்.' செயலியில் குழுக்களின் சேமிப்பும் கடனும் பதிவாகின்றன. அதாவது குழுக் கணக்கு ஏற்கெனவே இன்டர்நெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழுக் கணக்கு வேறு, தொழில் கணக்கு வேறு. சேமிப்பும் உள்கடனும் குழுக் கணக்கு. மிளகாய் வாங்கியது, பாக்கெட் விற்றது, கடைக்காரர் பாக்கி வைத்தது எல்லாம் தொழில் கணக்கு. இரண்டையும் கலந்தால் எந்த சாப்ட்வேரும் காப்பாற்றாது. இன்றைக்கு நான் பேசுவது தொழில் கணக்கைப் பற்றி.

பீரோவும் லாக்கரும்

கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும் சாப்ட்வேர் வீட்டு பீரோ மாதிரி. கணக்கு முழுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். நம் நாட்டில் இந்த வகையில் அதிகம் பேருக்குத் தெரிந்தது டாலி. அது பிறந்த கதையும் ஒரு வியாபாரியின் கதைதான். பெங்களூரில் மில்களுக்கு உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த சியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்கை நிர்வகிக்கச் சரியான சாப்ட்வேர் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-ல் அது கம்பெனியானது.

ஆன்லைன் சாப்ட்வேர் பேங்க் லாக்கர் மாதிரி. கணக்கு அந்த கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும். நாம் போனிலிருந்தோ, பிரவுசிங் சென்டரிலிருந்தோ பாஸ்வேர்டு போட்டுத் திறந்து பார்ப்போம். சென்னையைச் சேர்ந்த ஜோஹோ கம்பெனி 2011-ல் கொண்டுவந்த 'ஜோஹோ புக்ஸ்' இந்த வகை. இவை இரண்டையும் விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. பெயர் தெரிந்திருந்தால் விசாரிக்கச் சௌகரியம்.

பீரோவிலும் பயம் இருக்கிறது, லாக்கரிலும் பயம் இருக்கிறது.

தண்ணீர் வந்தபோது

2015 டிசம்பர் வெள்ளத்தை நம்ம பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தொழிற்பேட்டையில் மறுபடியும் தண்ணீர். கம்ப்யூட்டர் பெட்டியைப் பொதுவாக மேசைக்குக் கீழே தரையில்தானே வைப்போம்? தண்ணீர் உள்ளே போனால், வேறு இடத்தில் நகல் இல்லாதவர்களின் கணக்கும் அதோடு போய்விடும். யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்பதே தெரியாது. சரக்கு போனால் இன்ஷூரன்ஸ் கேட்கலாம். அதைக் கேட்கவும் கணக்குத்தான் வேண்டும்.

"அப்போ ஆன்லைன்தான் நல்லது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. அதே வெள்ளத்தில் கரண்ட் போனது, பல இடங்களில் போன் சிக்னலும் போனது. சிக்னல் இல்லாத நாளில் ஆன்லைன் கணக்கைத் திறக்க முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சிக்னல் திரும்பி வந்ததும் ஆன்லைன் கணக்கு அப்படியே இருக்கும். நனைந்துபோன கம்ப்யூட்டரில் இருப்பது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

லாக்கருக்கு இருக்கிற பயம் வேறு. 'குவிக்புக்ஸ்' என்று ஒரு சாப்ட்வேர். இன்டூட் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது, உலகத்தில் பெரிய பெயர். இந்தியாவிலும் வியாபாரிகள் பயன்படுத்தினார்கள். 2022-ல் அந்த கம்பெனி இந்தியாவில் இந்தச் சேவையை நிறுத்தப் போவதாக அறிவித்து, 2023-ல் நிறுத்தியது. உபயோகித்தவர்கள் எல்லாம் தங்கள் கணக்கை இறக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வங்கிக் கிளையை மூடுகிறோம், நகையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வது மாதிரிதான் இது. பெரிய கம்பெனி என்பதால் எப்போதும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

காசுக் கணக்கு

விலை அவ்வப்போது மாறும், அதனால் கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன். ஒரு உதாரணத்துக்கு, கம்ப்யூட்டர் சாப்ட்வேர் ஒருமுறை விலை 20,000 ரூபாய், ஆன்லைனுக்கு மாதம் 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 750 என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். ஆண்டுக்கு 9,000, ஐந்து ஆண்டுக்கு 45,000. ஆனால் அந்த 20,000-க்கு மேலே கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., ரிப்பேர் செலவு இருக்கிறது. டாலியில் ஒருமுறை உரிமம் வாங்கினால் தொடர்ந்து உபயோகிக்கலாம். ஆனால் முதல் வருஷத்துக்குப் பிறகு புதிய பதிப்பும் உதவியும் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆகவே யார் விலை சொன்னாலும், "ஐந்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். ஆன்லைனில் சில கம்பெனிகள் சிறு வியாபாரத்துக்கு இலவசத் திட்டமும் வைத்திருக்கின்றன. எத்தனை பில் வரைக்கும், எத்தனை பேர் வரைக்கும் இலவசம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் காப்பி போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டப்படி தப்பு. அதோடு வைரஸ் வந்தால் கேட்க நாதி இல்லை.

சட்டம் என்ன கேட்கிறது?

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவதென்றால் விதி வேறு, அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்தவர்கள் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம், அதாவது ஆறு வருஷம், கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாம் வாங்கும் கம்ப்யூட்டர் ஆறு வருஷம் உழைக்குமா? நாம் எடுக்கும் ஆன்லைன் கம்பெனி ஆறு வருஷம் இருக்குமா? எதுவானாலும் நகல் நம்மிடம் இருந்தால்தான் தப்பிக்கலாம்.

உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு சாப்ட்வேர் உபயோகிக்கும் கம்பெனிகள், எந்தப் பதிவை எந்தத் தேதியில் திருத்தினார்கள் என்று தானாகக் குறித்து வைக்கும் சாப்ட்வேரைத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது சட்டம். நம்ம குழுவுக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் அந்த வசதி இருக்கிறதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நோட்டில் அடித்து எழுதினால் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அழித்தால் தடமே தெரியாது.

யாருக்கு எது?

ஒரு நாளைக்கு நாலைந்து பில் போடுகிற தொழிலுக்கு நோட்டே போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்ட்வேர் வாங்கிய காசுக்கு ஒரு மூட்டை மல்லி வாங்கிப் போடலாம்.

தொழில் ஒரே இடத்தில் நடக்கிறது, கணக்கு எழுதுகிறவர் ஒருவர்தான், இன்டர்நெட் சரியாகக் கிடைப்பதில்லை, ஆடிட்டர் டாலி பார்க்கிறவர் என்றால் கம்ப்யூட்டர் சாப்ட்வேர் ஒத்துவரும். அம்பத்தூர், ஆவடி பக்கம் கணக்கு வேலைக்குப் போகிற நம்ம பெண்பிள்ளைகளுக்கு டாலி பழக்கம் இருக்கும். வீட்டிலேயே ஆள் இருந்தால் அது பெரிய பலம்.

தயாரிப்பு ஒரு வீட்டில், விற்பனை பூமாலை வளாகத்திலும் கண்காட்சியிலும், பாக்கி வசூல் இன்னொரு அக்கா கையில் என்று பல இடத்தில் வேலை நடக்கிறதா? அப்படியானால் ஆன்லைன் நல்லது. திருவள்ளூரில் பில் போட்டால் வேப்பம்பட்டில் இருப்பவர் அப்போதே பார்க்கலாம். ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருக்கிற கணக்கை விட, நாலு பேர் பார்க்கிற கணக்குக்கு வலு அதிகம்.

எதை வாங்கினாலும் ஆறு கட்டுப்பாடு

1. பதிவு செய்யும் போன் நம்பர் குழுவின் நம்பராக இருக்கட்டும். கணக்கு எழுதித் தருகிறவர், பிரவுசிங் சென்டர்காரர், விற்க வந்தவர் யாருடைய நம்பரும் வேண்டாம். ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறதோ, கணக்கின் சாவி அவரிடம்தான்.

2. திறக்கத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, கல்யாணமாகிப் போய்விட்டார் என்பதற்காகக் கணக்கு நிற்கக் கூடாது.

3. பொறுப்பாளர் மாறும் அன்றே பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். தீர்மான நோட்டில் எழுதுங்கள்: பாஸ்வேர்டை எழுதக் கூடாது, மாற்றினோம் என்பதை எழுதுங்கள்.

4. கம்ப்யூட்டர் என்றால் வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து, வேறு ஒரு வீட்டில், மேல் அலமாரியில் வையுங்கள். அதே மேசையில் வைத்தால் அது நகலே இல்லை. ஆன்லைன் என்றால் மாதம் ஒருமுறை முழுக் கணக்கையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். "பணம் கட்டுவதை நிறுத்தினால் என் கணக்கை இறக்க விடுவீர்களா?" என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. விற்பனைக்கு வைக்கிற கியூஆர் அட்டை தொழிலின் வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும். ஒருவரின் சொந்தக் கணக்கில் வந்து விழுந்தால் வீட்டுக் காசும் வியாபாரக் காசும் கலந்துவிடும். அப்புறம் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

6. மாதக் கூட்டத்தில் மூன்று எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கையில் உள்ள ரொக்கம், வங்கி இருப்பு, வர வேண்டிய பாக்கி. சாப்ட்வேர் சொல்வதும், பணப்பெட்டியில் இருப்பதும், பாஸ்புக்கில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். முதல் மூன்று மாதம் நோட்டையும் நிறுத்தாதீர்கள், இரண்டிலும் எழுதுங்கள்.

சகோதரிகளே, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் என்னத்தைக் கேட்பேன்"னு யாரும் ஒதுங்காதீங்க. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் அந்த மூன்று எண்ணைக் கேட்க உரிமை இருக்கிறது. அவர் சந்தாவும் அதில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கூட்டிக் கழிக்கும், தப்பில்லாமல் கூட்டும். ஆனால் போடாத பில்லை அது கேட்காது, எழுதாத செலவை அது தேடாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு விவரம் மட்டும் கொண்டுவாருங்கள்: உங்கள் தொழில் கணக்கை இன்றைக்குத் திறந்து காட்ட எத்தனை பேரால் முடியும்? பதில் "ஒருவர்" என்றால், சாப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது ஆளைத் தயார் செய்யுங்கள்.