பட்டமும் கூலிப் பட்டியலும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டுக் கூடிய மாதர் சங்கக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் வளர்ந்த கதையைச் சொல்வது வழக்கம். நானும் அதிலேயே தொடங்குகிறேன். 1951-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் தேசத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 27 பேர். பெண்கள் 9 பேர்கூட இல்லை. 2011-ல் தமிழ்நாட்டில் ஆண்கள் ஏறக்குறைய 87, பெண்கள் 73. இடைவெளி இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பாட்டிமாருடைய இடைவெளி. பேத்திமாரைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். 2024-ம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் மாணவியர் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் தேறினார்கள். மாணவர்கள் 92 பேர்தான்.

இது தானாக நடந்ததல்ல. 1956-ல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கிய சத்துணவு, பின்னாளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில், ஓரளவு படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமண உதவி வந்தது. 2022-ல் அதே திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றப்பட்டது. கல்யாணச் செலவிலிருந்து கல்லூரிச் செலவுக்கு வந்து சேர முப்பத்து மூன்று வருடங்கள்! போகட்டும், வந்து சேர்ந்தோமே.

ஆனால் தாய்மார்களே, படிப்பில் முந்திய பெண் சம்பாத்தியத்தில் ஏன் பிந்தி நிற்கிறாள்? 2023-24-ம் ஆண்டு மத்திய அரசின் கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 79 பேர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். பெண்களில் 42 பேர்தான். அந்த 42 பேரிலும் பலர் குடும்பத்து நிலத்திலும் கடையிலும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள்.

இதற்கு மேல் புள்ளிவிவரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் சென்ற வருடம் என் மேஜை மேலேயே ஒரு கணக்கு வந்தது.

விழாவுக்காகச் சுற்றுச்சுவர் கட்டினோம் அல்லவா? சனிக்கிழமைதோறும் கூலிப் பட்டியல் வரும், நான் கையெழுத்துப் போடுவேன். கொத்தனாருக்கு ஒரு கூலி, பெரியாளுக்கு அதில் கொஞ்சம் குறைவு, சித்தாளுக்கு அதிலும் குறைவு. இருபது வாரம் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள், நம் பங்குக் கணக்கை எழுதும் பெண், பி.காம். படித்தவள், பட்டியலை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"என்னம்மா?" என்றேன்.

"சாமி, இந்தப் பையன் வேலைக்கு வந்து மூணு மாசம். எங்கம்மா சித்தாளா வந்து பதினெட்டு வருஷம். அவன் கூலி கூட."

அப்போதுதான் அவள் யார் மகள் என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. "அவன் பெரியாள்தானேம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, வெயிலில் போய் நின்று பார்த்தேன். பெரியாளும் கலவை சுமந்தான்; சித்தாளும் கலவை சுமந்தாள். ஒரு வித்தியாசம் இருந்தது. கொத்தனார் காப்பி குடிக்கப் போனால் கரண்டியைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவன் இரண்டு வரிசை கட்டிப் பார்த்தான், தூக்குக்குண்டு பிடித்துப் பழகினான். சில வருடங்களில் அவன் கொத்தனார். அந்த அம்மாவின் கையில் பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் கரண்டி கொடுக்கப்படவில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த வேலைக்கு, ஒரே ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. 2019-ல் வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விதி உண்டு. நாம் என்ன செய்தோம்? வேலைக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டோம். பெயர் வேறு என்றால் கூலியும் வேறுதானே!

அன்று இரவு இன்னொரு பழைய நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு முன் கணக்கு எழுதியவர் ஓர் ஆண், பட்டம் பெறாதவர். அவருக்குக் கொடுத்த சம்பளத்தைவிட இவளுக்குக் குறைவாகத்தான் கொடுத்துவந்தோம். நிர்ணயித்தவன் நான். "அவர் குடும்பஸ்தர், இவள் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள், நாளைக்குக் கட்டிக்கொண்டு போய்விடுவாள்" என்று அப்போது எனக்குப் பட்டது. ஆக, படிக்காத தாய்க்கும் படித்த மகளுக்கும் குறைத்துக் கொடுத்தது ஒரே கைதான். சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1995-ல் பெண்களுக்கு எழுதிய மடலை, நானே இந்தச் சங்கத்தில் விளக்கிப் பேசியிருக்கிறேன்.

வீட்டையும் சொல்ல வேண்டும். 2019-ம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவழித்தார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்த 97-ல் சேர்த்தி இல்லை! அந்த ஐந்து மணி நேரத்தை முடித்துவிட்டுத்தான் சித்தாள் ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறாள். பிந்திவிட்டாள் என்று அரைக்கூலி பிடித்த நாளும் பட்டியலில் இருக்கிறது.

இப்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளத்தைப் பழைய கணக்கரின் அளவுக்கு உயர்த்தி, நிலுவையையும் கொடுத்தாயிற்று. சித்தாள் கூலியில் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. "பொம்பளைக்கு ஆம்பளைக் கூலி குடுத்தா, ஊர்ல வேற வேலைக்கு எனக்கு ஆள் கட்டுபடியாகாது சாமி" என்றார் மேஸ்திரி. பேசிப் பேசி வித்தியாசத்தில் பாதியைக் குறைத்தோம். மீதிப் பாதி இன்னும் என் கணக்கில்தான் நிற்கிறது.

கெபிக்கு முன்னால் திண்ணை கட்டும் வேலை வருகிறது. இரண்டு பெண்களைக் கொத்து வேலை பழக்க வேண்டும், பழகும் நாளுக்கும் பெரியாள் கூலி என்று மேஸ்திரியிடம் பேசி முடித்திருக்கிறேன். ஒருத்தியின் கணவர் சம்மதிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசியும் நடக்கவில்லை. மற்றவர் அந்தப் பதினெட்டு வருடத்து அம்மா. "இந்த வயசுல கை வருமா சாமி?" என்று கேட்டார். திங்கட்கிழமை காலையில் வருகிறார். பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள்; கேலி பேச யாரும் வர வேண்டாம்.