பிணையாக நிற்கும் பணம்

யாழ்ப்பாணத்து ஊர்களிலே ஒரு காலத்தில் 'மலாயன் பென்சன்காரர்' என்ற பெயர் மிக்க மதிப்போடு வழங்கியது. பிரித்தானியர் ஆட்சியில் மலாயாவுக்குக் கப்பலேறி, புகையிரத நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றி, இளைப்பாறியபின் ஊர் திரும்பியவர்களையே அப்பெயர் குறித்தது. உழைத்த நாடு உபகாரச் சம்பளத்தை அனுப்பிவைத்தது. பிறந்த ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது. "இங்கே வாழ்வதற்கு வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்?" என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. பிறந்த மண் பிணை கேட்பதில்லை.

இக்காலத்திலோ இதற்கு மறுதலையான யாத்திரையொன்று பெருகியிருக்கிறது. பிரித்தானியா, ஜேர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் உழைத்து இளைப்பாறிய பலர், வெயிலும் மலிவும் உள்ள கீழைத்தேயங்களை நாடி, எஞ்சிய நாட்களை அங்கே கழிக்க விழைகின்றனர். அவர்களை வரவேற்க அந்நாடுகளும் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆயினும் வாயிலிலே ஒரு வினாவை எழுப்புகின்றன: "பிறர்க்குச் சுமையாகாமல் நீர் வாழ்வீர் என்பதற்குப் பிணை யாது?" அவ்வினாவுக்கு விடையாக வைக்கப்படுவதே வங்கி வைப்பு. இலங்கையும் 'மை ட்ரீம் ஹோம்' என்னும் திட்டத்தின்கீழ், 55 வயதைக் கடந்த அந்நியரிடம் 15,000 அமெரிக்க டொலர் வைப்பையும், மாதந்தோறும் 1,500 டொலர் வெளிநாட்டு வரவையும் கேட்டது.

இத்தகைய நிபந்தனைகளின் இயல்பை விளங்கிக்கொள்வதற்குத் தாய்லாந்தின் விதி நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அங்கே 50 வயதை எய்திய அந்நியர் ஒருவர், இளைப்பாறியவர் என்ற வகையில் ஆண்டுக்கு ஆண்டு தம் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கு மூன்று வழிகள் உண்டு. மாதம் 65,000 பாத் வருமானத்தைக் காட்டுவது ஒன்று. தாய்லாந்து வங்கியொன்றில் 800,000 பாத் வைப்பாக வைத்திருப்பது மற்றொன்று. ஆண்டு வருமானத்தையும் வைப்பையும் கூட்டி 800,000 பாத் நிறைவு செய்வது மூன்றாவது. எவ்வழியை மேற்கொண்டாலும் அந்நாட்டில் தொழில் செய்து பொருளீட்டல் ஆகாது.

தொகையைக் கேட்டவுடன், பணம் உள்ளவர்க்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் அவ்விதி பணத்தை மாத்திரம் அளக்கவில்லை, காலத்தையும் அளக்கின்றது. 2019 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு மாதங்களேனும் 800,000 பாத் குறையாமல் கணக்கில் இருத்தல் வேண்டும். அனுமதி கிடைத்தபின் மேலும் மூன்று மாதங்கள் அத்தொகை அசையாதிருத்தல் வேண்டும். அதன்பின் எடுத்துச் செலவிடலாமெனினும், இருப்பு 400,000 பாத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்குதல் கூடாது. ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக் காட்டிவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுக்கும் பணத்தை இவ்விதி பிணையாக ஏற்பதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அயலாரின் கதிரையை இரவல் வாங்கிப் போடுவது போன்ற காரியம் இங்கே செல்லாது.

ஒருவருடைய ஆண்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். சியாங் மாய் நகரில் வாழும் ஒரு முதியவரின் அனுமதி செப்டெம்பர் மாத இறுதியில் முடிவடைகிறது என்று கொள்வோம். அவர் செப்டெம்பர் 1 ஆம் திகதி விண்ணப்பிக்க எண்ணினால், யூன் மாதம் முடிவதற்குள் முழுத்தொகையும் கணக்கில் சேர்ந்துவிட வேண்டும். அனுமதி உடனே கிடைத்தாலும் நவம்பர் மாத இறுதிவரை அதைத் தொடலாகாது. ஆகவே, ஆண்டிலே ஐந்து மாதங்கள் எட்டு இலட்சமும் அசையாது நிற்கும். ஏனைய ஏழு மாதங்களும் நான்கு இலட்சம் அசையாது நிற்கும். இடையிலே எடுத்த நான்கு இலட்சத்தையும் அடுத்த யூன் மாதத்துக்குள் மீண்டும் நிரப்பியாக வேண்டும். ஒரு வாரம் பிந்தினாலும், ஆயிரம் பாத் குறைந்தாலும் நிபந்தனை தவறியதாகும்.

வருமான வழியை நாடுவோர்க்கும் பாதை இலகுவானதன்று. முன்னர் தத்தம் தூதரகம் வழங்கிய வருமானக் கடிதத்தையே பலர் சான்றாகக் காட்டி வந்தனர். பிரித்தானிய, அமெரிக்கத் தூதரகங்கள் 2018 ஆம் ஆண்டின் முடிவோடு அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டன. அதன்பின், வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வந்து சேர்ந்ததை வங்கிக் கணக்கே எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று. பிரித்தானிய அரசின் முழு உபகாரச் சம்பளம் 2025 ஆம் ஆண்டு ஏப்ரிலில் வாரத்துக்கு 230 பவுண் 25 பென்ஸாக உயர்ந்தது. ஆண்டுக்கு அது ஏறக்குறைய 11,970 பவுண். ஒரு பவுணுக்கு 43 பாத் என்று கொண்டால் ஏறத்தாழ 515,000 பாத் ஆகும். வருமான வழிக்கு வேண்டியதோ ஆண்டுக்கு 780,000 பாத். அந்தச் சம்பளத்தை மாத்திரம் நம்பியவர், மூன்றாம் வழியில் ஏறக்குறைய 285,000 பாத் வைப்பைச் சேர்த்தே நிறைவு செய்தல் வேண்டும். அன்றியும், பிரித்தானியாவில் வாழ்வோர்க்கு ஆண்டுதோறும் உயரும் அச்சம்பளம் தாய்லாந்தில் குடியேறியவர்க்கு உயர்வதில்லை. சென்ற நாளில் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நாணய மாற்று மற்றுமோர் இடர். 2007 ஆம் ஆண்டளவில் ஒரு பவுண் 65 பாத்துக்கு மேல் பெற்றது. 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது 40 பாத் அளவுக்கு இறங்கியது. 800,000 என்ற இலக்கம் மாறவில்லை. ஆனால் அன்று ஏறக்குறைய 12,300 பவுணால் நிறைவேறிய நிபந்தனைக்குப் பின்னர் 20,000 பவுண் வேண்டியதாயிற்று. பணத்தைப் பாத்தாக மாற்றி முன்கூட்டியே வங்கியில் இட்டவர் இந்த ஏற்றத்தாழ்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்புபவர் ஒவ்வோராண்டும் அதற்கு முகங்கொடுத்தாக வேண்டும்.

விதிகள் தாமும் நிலையானவை அல்ல. மலேசியா 2002 ஆம் ஆண்டு தொடக்கம் நடத்திவரும் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்னும் திட்டத்தில், 50 வயதைக் கடந்தவர்கள் 150,000 ரிங்கிற் நிலையான வைப்பாக வைத்தால் போதுமென்றிருந்தது. 2021 ஆம் ஆண்டில் அத்தொகை பத்து இலட்சம் ரிங்கிற் ஆயிற்று. காட்ட வேண்டிய மாத வருமானமும் 10,000 ரிங்கிற்றிலிருந்து 40,000 ரிங்கிற்றாக உயர்ந்தது. 2024 ஆம் ஆண்டில் அத்திட்டம் பல படிகளாக வகுக்கப்பட்டு, வைப்புத் தொகை அமெரிக்க டொலரில் நிர்ணயிக்கப்பட்டது. பழைய கணக்கை மனத்தில் வைத்துப் பத்து வருடம் சேமித்தவர், வாயிலை அடையும்போது வேறொரு கணக்கைக் காண நேரிடுகிறது.

இவ்வளவையும் நிறைவேற்றிய ஒருவர், தம் முதுமைக்கு வேண்டிய பாதுகாப்பைத் தேடிவிட்டதாக எண்ணக்கூடும். அங்கேதான் பெரும் மயக்கம் இருக்கின்றது. அவருடைய வைப்பு பத்திரமானதே. தாய்லாந்தின் வைப்புக் காப்பு நிறுவனம் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல், ஒரு வங்கியில் ஒருவருக்குள்ள பாத் வைப்புகளுக்குப் பத்து இலட்சம் வரை காப்பளிக்கின்றது. ஆனால் பத்திரமாக இருத்தல் வேறு. வேளைக்கு உதவுதல் வேறு. ஒக்டோபர் மாதத்திலே அம்முதியவருக்கு மாரடைப்பு ஏற்படுகிறது என்று கொள்வோம். 2002 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டிலுள்ள பொது மருத்துவக் காப்புத் திட்டம் தாய்லாந்துப் பிரசைகளுக்கே உரியது. மருத்துவமனை பணம் கேட்கும். வங்கியிலே எட்டு இலட்சம் கிடக்கும். எடுத்தால் உயிருக்கு உதவும். ஆயின் தங்கும் உரிமை ஆட்டங்காணும். எடுக்காவிடின் உரிமை நிற்கும். அதை அனுபவிக்க ஆள் இருப்பாரோ என்பது ஐயம்.

இதனினும் கடுமையான நிலை அவருடைய மனைவிக்கு நேரக்கூடும். வைப்பு விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரிலேயே இருத்தல் வேண்டும். மனைவி தனியாக மற்றோர் எட்டு இலட்சம் வைத்துத் தம் உரிமையில் அனுமதி பெறலாம். அன்றேல் கணவரில் தங்கியிருப்பவர் என்ற முறையில், தனி வைப்பின்றியே பெறலாம். பின்னது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் கணவர் கண்மூடியதும் இரண்டு கதவுகள் ஒருங்கே அடைபடுகின்றன. அவரைப் பற்றி நின்ற மனைவியின் அனுமதிக்கு ஆதாரம் இல்லாமற் போகிறது. அவர் பெயரிலிருந்த கணக்கும் முடக்கப்படுகிறது. நீதிமன்றம் மரணச்சொத்துக்கு ஒரு நிருவாகியை நியமித்து ஆணை வழங்கும்வரை வங்கி பணத்தை விடுவிப்பதில்லை. இருவருக்கும் பிணையாக நின்ற பணம், எஞ்சிய ஒருவர்க்கு மிகத் தேவையான வேளையில் எட்டாப் பொருளாகிவிடுகின்றது.

ஆதலின், அந்நிய நாட்டில் இளைப்பாற எண்ணுவோர் தம் செல்வத்தை இரண்டு பைகளாக வகுத்துக்கொள்வதே அறிவுடைமை. முதற்பை அரசுக்குக் காட்டுவதற்கு. அதை அந்நாட்டில் வாழும் நாள்வரை செலவாகிவிட்ட பணமென்றே கருதுதல் வேண்டும். இரண்டாம் பை நோய்க்கும், ஊர் திரும்பும் பயணத்துக்கும், நாணய மாற்றின் தாழ்வுக்கும் உரியது. அது வேறு கணக்கில், கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். வைப்பு உள்ள நாட்டின் சட்டத்துக்கமைய மரணசாசனம் ஒன்றை எழுதிவைத்தலும், மனைவியின் பெயரில் சிறிதளவேனும் தனியே சேமித்தலும் அன்பின் கடமைகளாகும். இரண்டாம் பைக்கு வழியில்லாதவர் முதற்பையை மட்டும் நிரப்பிக்கொண்டு புறப்படுதல், கூரையில்லாத வீட்டுக்குக் கதவு மாட்டுவதையே ஒக்கும்.

பிணை கேட்கும் நாட்டை நோவதற்கு இடமில்லை. தன் குடிகளின் வரியிலே பிறநாட்டவரைப் பராமரிக்க இயலாதென்று கூறுவது அதற்குரிய நியாயம். ஆனால் அந்நாடு கேட்பது ஒரேயொரு கேள்வி: "இவர் எமக்குச் சுமையாவாரா?" என்பதே அது. நோயுற்றால் யார் பார்ப்பார், ஒருவர் மறைந்தால் மற்றவர் எங்கே போவார் என்பன அதன் கேள்விகள் அல்ல. அவற்றைக் கணவனும் மனைவியும் புறப்படுவதற்கு முன்பே, தம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.