துண்டும் விசுவாசமும்



விசுவாசம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மடுல்சீமைத் தோட்டங்களில் பிறந்த நமக்கு இது புதிய சொல் அல்ல. துரைக்கு விசுவாசம், கங்காணிக்கு விசுவாசம் என்று பாட்டன்மார் காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம். அதற்கு ஒரு காகிதமும் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921 இல் சட்டம் அதை ஒழித்தது. ஆனால் இருக்கிறவர் விசுவாசி, விட்டுப் போகிறவர் துரோகி என்ற கணக்கு ஒழியவில்லை.

நாடும் நம்மிடம் அதே கணக்கைத்தான் கேட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் பெரும்பாலோர், 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார்கள். இவர்களின் மனம் இந்தியாவில் இருக்கிறது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு வந்த சட்டம் மனத்தை நாட்களால் அளந்தது. மணமானவர் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள் இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். ஊரில் படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்கப் போய், அதைவிடக் கூடுதலாகத் தங்கித் திரும்பிய மகளுடைய கதி என்ன? தாய்க்குச் செய்த கடமை எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். ஒப்பாரிக் கோச்சியில் போனவர்கள் அங்கே சிலோன்காரர். தங்கியவர்கள் இங்கே குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர்.

வைத்தியத்துக்கு வந்த எங்களிடம் இந்தக் கேள்வி வேறு உருவில் வருகிறது. இடுப்பு வலியென்று மருந்துக் காம்பராவுக்கு வரும் கொழுந்துக்காரி லீவுத் துண்டு கேட்கிறாள். (இதுவும் துண்டுதான்.) உண்மையிலேயே வருத்தமா என்று மேலிருந்து ஒரு குரல் விசாரிக்கும். சம்பளம் எங்கிருந்து வந்தாலும், பதிலை அவளுடைய இடுப்பைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இன்னொரு நாள் மாமியார் கதவடியில் நின்று, "டொக்டர் மகள், இவள் உள்ளுக்கு என்ன சொன்னாள்?" என்பார். சின்ன வயதில் நமக்குச் சோறு போட்டவராகக்கூட இருப்பார். ஆனாலும் அறைக்குள் சொன்னது அறைக்குள்தான். இதனால் எங்களுக்கு ஊரில் தலைக்கனம் பிடித்தவர்கள் என்ற பெயர். இருக்கட்டும்.

2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் பலர் வெளிநாடு போனார்கள். இலவசக் கல்வியில் படித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று ஏசுகிறோம். கடன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு கடன் கேட்பது பழைய துண்டு முறை. கடல் கடந்திருந்தும் இரவில் தொலைபேசியில் நம் தங்கைமாருக்கு உயிரியல் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. பதுளையிலேயே இருந்துகொண்டு தோட்டத்துப் பக்கம் காரைத் திருப்பாதவர்களும் உண்டு.

நம் சங்கப் பெயர்ப்பட்டியலில் சாதாரண தரம் எழுதியவர்கள்தான் இருக்கிறார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்போடு கொழும்புக்கு வீட்டு வேலைக்கும், பிறகு குவைத்துக்கும் போனவர்கள் இல்லை. அவர்களும் இதே மணிச் சத்தத்துக்கு ஓடி வந்தவர்கள். கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பணம் அனுப்பி, தங்கையை இதே பள்ளியில் உயர்தரம் வரை படிக்க வைத்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அந்தத் தங்கைமார் சிலர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு தொகுதியினரும் தங்கள் வகுப்பு இடாப்பைப் பார்த்து அந்தப் பெயர்களை எடுத்துத் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறோம். பழைய இடாப்புகள் காரியாலய அலுமாரியில் இருக்கின்றன. திறப்பு அதிபரிடம்.