பனிக்காலப் பறவைகளும் மாணவர் கையில் கேமராவும்

(கம்மாபுரம் வட்டார ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் பாடத்தில் நாம் கற்பிக்கும் ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு, பனியின் பெயரைத் தாங்கியவை. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இமயத்தில் உறைந்து கிடப்பதையும் நம் வயல் வரப்பில் புல் நுனியில் நிற்பதையும் 'பனி' என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். அந்தப் பனிக்கும் இந்தப் பனிக்கும் நடுவே ஆண்டுதோறும் போய்வருபவை வலசைப் பறவைகள். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்து, இமயத்தைக் கடந்து தமிழகம் வரை வருகிறது. வடக்கே நீர்நிலைகள் உறையும் காலத்தில், இங்கே வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிறைந்திருக்கின்றன.

பறவைகளைப் பார்க்க வீராணம் ஏரிக்கோ, பெருமாள் ஏரிக்கோ, வெலிங்டன் நீர்த்தேக்கத்துக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குளிர்கால விருந்தினரான தகைவிலான் நம் ஊர் மின்கம்பியிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். பழுப்புக் கீச்சான் வேலியோர முள்மரத்தில் இருக்கும். இவற்றை மாணவர்கள் படமெடுக்க நாம் எப்படி உதவலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் கொஞ்சம் அறிவியல். கேமராவுக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. அதனால்தான் பனிமலையில் எடுத்த படம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. நம் மார்கழி மூடுபனியிலும் இதுவே நடக்கும். அப்போது வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். கரிய சேற்று வயலில் நிற்கும் வெண்கொக்கு என்றால் கதை தலைகீழ். சேற்றின் கருமையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு இறகே தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். இங்கே குறைக்க வேண்டும். பெரும்பாலான செல்பேசிகளில், திரையில் கொக்கின் மேல் விரலை வைத்தால் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தாலே போதும். ஒளி அளவைப் பற்றி இதைவிட எளிய செய்முறை கிடைக்காது.

இன்னொன்று. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை ஈரக்காற்றுக்குக் கொண்டு வந்தால் வில்லையில் நீர் படியும். பனிநாடுகளில், வெளியிலிருந்து வெப்பமான வீட்டுக்குள் நுழையும்போது இது நேரும். அங்கே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்துப் பிறகே திறப்பார்கள். ஆவி சுருங்கும் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மாணவர் கையிலிருந்த உண்டிவில் போய்ச் செல்பேசி வந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். செல்பேசியும் பறவையைத் துரத்தும். ஒரு மாணவன் கொக்கு பறக்கும் அழகான படம் ஒன்றைக் காட்டினான். கல்லெறிந்து கிளப்பிவிட்டு எடுத்தது என்று அவனே சொன்னான். "கல்லெறியறதுக்கு முன்னாடி அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சுப்பா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. "அடுத்த வாரம் அதைப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றேன். அடுத்த முறை தன் அப்பாவோடு வரப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் குறிப்பேட்டில், சின்னக் கொக்கின் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றும், அந்தப் பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பிப் பிடிக்கிறது என்றும் எழுதியிருந்தான். வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டியது அந்தக் குறிப்பைத்தான்.

பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் பறவை, திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் வீணாகிறது. கூடு இன்னும் கவனத்துக்குரியது. பருவமழைக்குப் பின் நாரைகளும் கொக்குகளும் ஏரிக்கரை மரங்களில் கூடு கட்டும். நாம் நெருங்கித் தாய் எழுந்துபோனால், முட்டையைக் காகம் கொண்டுபோகும். குஞ்சு வெயிலில் வாடும். ஆகவே வகுப்பில் மூன்று விதிகள் போதும்: பறவை தலை தூக்கி நம்மைப் பார்த்தால் அங்கேயே நிற்க வேண்டும், கூட்டைப் படமெடுக்கக் கூடாது, நீர்நிலைக்குப் பெரியவர் துணையின்றிப் போகக் கூடாது.

நெருங்க முடியாததால் சிறிதாகத் தெரியும் படமும் பயனுள்ளதுதான். தேதி, நேரம், இடம், பறவை செய்த செயல் ஆகிய நான்கும் சேர்ந்தால் அது ஆவணம். தைப் பொங்கலை ஒட்டி நான்கு நாள்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்துவருகிறது. பிப்ரவரியில் உலகளவில் நடக்கும் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. அதற்கு ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும். நம் பள்ளி வளாகத்துப் பட்டியலும் அவற்றில் சேரலாம்.

நமக்கு முன்னோடியும் உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பறவை, விலங்குகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். படமும் குறிப்பும் அவரிடம் இணைந்தே இருந்தன. பனிச்சிறுத்தையைக் காண 1973இல் நேபாள மலைகளுக்குப் போன பீட்டர் மத்தீசன், அதைக் காணாமலேயே திரும்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1978இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. படம் கிடைக்காத நாளிலும் எழுத விஷயம் உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு அருகே ஒரு மரத்தையோ மின்கம்பியையோ தேர்ந்தெடுங்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை, வாரம் ஒருநாள், ஒரே இடத்தில் நின்று ஒரு படமும் இரண்டு வரிக் குறிப்பும் எடுக்கச் செய்யுங்கள். தகைவிலான் எந்த வாரம் வந்தது, எந்த வாரம் போனது என்பதை மாணவர்களே கண்டறிந்து சொல்வார்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அந்தக் குறிப்பேட்டைத் தொடரட்டும்.