பழைய பொக்லைன் வாங்குவோர் கவனத்திற்கு
(வானொலிப் பேச்சு)

ஆவணி பிறந்துவிட்டால் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பக்கம் எல்லோருக்கும் ஒரே அவசரந்தான். புரட்டாசிப் பட்டத்துக்கு நிலம் தயாராக வேண்டும். அனுமதி வாங்கிய கண்மாய் வண்டலைக் காட்டில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். பண்ணைக்குட்டை வெட்டுகிறவர் மழைக்கு முன்னே வெட்டி முடிக்க வேண்டும். மழை முந்திக்கொண்டால் கரிசலில் எந்திரம் இறங்காது. அந்த வருஷத்துத் தண்ணீர் போனது போனதுதான்.

குமாரலிங்கபுரம் பக்கம் நாலு பேர் பங்கு போட்டு ஒரு பழைய பொக்லைன் எந்திரம் வாங்கினார்கள். மூன்றாவது வாரம், பாதி வெட்டிய குட்டைக்குள்ளேயே அது நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. இஞ்சின் பிடிக்கிறது, உடனே அணைகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "கம்ப்யூட்டர் பெட்டி போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன தொகை, இரண்டு ஜோடி மாட்டை விற்றாலும் காணாது. அதில் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, பயிருக்குச் சீக்கு வந்தா மருந்து சொல்றீங்க, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். எந்திரம் என் பாடம் அல்ல. அதனால் பொறியியல் தெரிந்த ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று அவரிடம் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முந்தைய எந்திரத்தில் இஞ்சினுக்கு டீசல் விடுவது ஒரு கம்பியும் லீவரும்தான். இப்போது அப்படி இல்லை. 2021 ஏப்ரலில் கட்டுமான எந்திரங்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தபின், இஞ்சினுக்கு ஒரு பெட்டி, மீட்டருக்கு ஒரு பெட்டி, சில வண்டிகளில் ஹைட்ராலிக்குக்கு ஒரு பெட்டி என்று ஆகிவிட்டது. இந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது முறுக்கிப் போட்ட இரண்டே கம்பிகள் மூலம். இதைக் 'கேன்' கம்பி என்பார்கள். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் மோட்டார் வண்டிகளுக்கு என்று வெளியிட்ட முறை இது. நம் ஊர்த் தண்டோரா மாதிரி, ஒரு பெட்டி சொல்வது எல்லாப் பெட்டிக்கும் கேட்கும். கம்பி பழுதானால் பெட்டி நன்றாக இருந்தும் பேச முடியாது. அப்போது இஞ்சினும் நின்றுபோகலாம்.

வாய்க்காலில் வேகமாக வரும் தண்ணீர் கடைசியில் முட்டினால் அலை திரும்பி அடிக்கும் அல்லவா? சேதியும் கம்பியின் முனையில் முட்டித் திரும்பிக் குழப்பும். அதைத் தடுக்க இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒன்று வைத்திருப்பார்கள். இரண்டும் பக்கவாட்டில் சேர்வதால், இரு கம்பிக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். இந்த 60 என்ற எண்ணை மறக்காதீர்கள்.

அளப்பதற்கு ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். முதலில் பாட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியானால் ஓய்வில் பன்னிரண்டரைக்குக் குறையக் கூடாது. பாட்டரி முனை, எர்த் கம்பி, பியூஸ் இவற்றைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பாதிப் பழுது இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சாவியை எடுத்து, பாட்டரி கம்பியைக் கழற்றி, சில நிமிஷம் பொறுத்து ஓம் அளவு பாருங்கள். பல எந்திரங்களில் வட்டமான ஒன்பது கால் சோதனை சாக்கெட் இருக்கும். அதில் சி, டி என்று எழுதிய இரண்டு கால்கள்தான் இந்தக் கம்பிகள்.

60 என்றால் கம்பி சரி. 120 என்றால் ஒரு பக்கம் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனைத் தடை போயிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரு கம்பியும் ஒட்டிவிட்டன. 40 என்றால் யாரோ கூடுதலாக ஒரு தடை போட்டிருக்கிறார்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே கம்பிக் கட்டை ஓரோர் இடமாக அசையுங்கள். அளவு துள்ளுகிற இடத்தில்தான் நோய்.

கம்பி சரி, ஆனாலும் கோளாறு தீரவில்லை என்றால், சாவியை அணைத்து ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பெட்டியைக் கழற்றினால் மற்றவை பேசுகின்றனவோ அதில்தான் சந்தேகம். சில பெட்டிகளுக்குள்ளேயே முனைத் தடை இருக்கும். அதைக் கழற்றினால் 120 காட்டும், பயந்துவிட வேண்டாம். இந்த வேலையை வயரிங் படத்தோடு, தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள்.

குமாரலிங்கபுரம் வண்டியில் மீட்டர் 120 காட்டியது. கம்பியைத் தொட்டுக்கொண்டே போனால், பின்கை மூட்டுக்குப் பக்கத்தில் உரசி அறுந்த கம்பியை, விற்ற ஆள் டேப் சுற்றி மறைத்திருந்தார். உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. நல்ல கம்பி போட்டுப் பற்றவைத்து, உறை மாட்டியதும் மீட்டர் 60 காட்டியது. இஞ்சின் ஓடியது. பெட்டி வாங்கியிருந்தால் பணமும் போய், பழுதும் அப்படியே இருந்திருக்கும்.

ஆகவே, பழைய எந்திரம் பார்க்கப் போகும்போது மல்ட்டிமீட்டரையும் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரம் வேலை வாங்கி, சூடேறிய பிறகும் பாருங்கள். டேப் சுற்றிய இடம், எலி கடித்த இடம், ஹாரனுக்கும் விளக்குக்கும் இடையில் ஒட்டுப்போட்ட கம்பி இவற்றைக் கவனியுங்கள். வயரிங் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு வெல்டிங் வைப்பதானால் பாட்டரியையும் பெட்டிகளின் சாக்கெட்டையும் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பெட்டிமேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். வேறு வண்டியின் பழைய பெட்டியை மாட்டினால் ஓடிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அந்த வண்டிக்கு ஏற்றபடி அதில் புரோகிராம் ஏற்றியாக வேண்டும்.

சொந்தமாக வாங்க வசதி இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையில் எந்திரத்தை வாடகைக்குக் கேட்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 'பெட்டி போச்சு' என்று யாராவது சொன்னால், "அறுபது இருக்கா, பாத்தீங்களா?" என்று கேளுங்கள். பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.