ஏழு மில்லிமீட்டர் வளையம்

எந்தத் துறையில் பணியாற்றினாலும், எந்த உறுப்பு பழுதானால் அமைப்பு முழுவதும் நின்றுபோகும் என்று கண்டறிவதும், கண்டறிந்தபின் அதை விடாப்பிடியாகத் தொடர்வதும் பொறியாளரின் முதற்கடமை என்பதே இவ்வுரையின் கருத்து.

ஒரு கருவி குறித்த காலம்வரை குறித்த பணியைத் தவறாமல் செய்வதற்கான நிகழ்தகவே அதன் நம்பகத்தன்மை. ஒன்று நின்றால் எல்லாமே நிற்கும்படி தொடராக இணைந்த மூன்று உறுப்புகளுக்கு அது முறையே 99, 95, 80 விழுக்காடு எனில், மூன்றையும் பெருக்கக் கிடைக்கும் அமைப்பின் நம்பகத்தன்மை ஏறத்தாழ 75 விழுக்காடுதான். இரண்டாம் உறுப்பைக் குறையே இல்லாததாக்கினாலும் அது 79 அளவிலேயே நின்றுவிடும். மூன்றாவதை 90க்கு உயர்த்தினாலோ 84ஐத் தாண்டிவிடும். ஓர் உறுப்பு இயங்கும்போதும் பழுதாகும்போதும் அமைப்பின் நம்பகத்தன்மையில் விளையும் வேறுபாட்டையே அவ்வுறுப்பின் முக்கியத்துவமாகக் கொண்டு, 1969இல் கணிதவியலர் பிர்ன்பாம் ஓர் அளவையை வகுத்தார். இவ்வுரையாளர் பயின்ற நாளில் வகுப்பறை அந்தப் பெருக்கலோடு நின்றுவிட்டது. எந்த உறுப்பில் முதலில் கைவைப்பது என்னும் கேள்வி தேர்வுத்தாளில் வந்ததே இல்லை.

கணக்கு முடிந்த இடத்தில்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது என்பதற்கு அமெரிக்க விண்ணோடமான சேலஞ்சரைவிடத் தெளிவான சான்று இல்லை. அதன் திட எரிபொருள் ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்யப்பட்டு இணைக்கப்பட்டவை. சூடான வாயு கசியாதபடி ஒவ்வோர் இணைப்பையும் இரண்டு ரப்பர் வளையங்கள் அடைத்திருந்தன. ஏறத்தாழ 12 அடி விட்டத்தைச் சுற்றிவரும் அவ்வளையத்தின் தடிமன் ஏழு மில்லிமீட்டர்தான். ஒன்று தவறினால் மற்றது காக்கும் என்று 1980ஆம் ஆண்டின் முக்கிய உறுப்புப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது; ஆனால் எரியூட்டியதும் அழுத்தத்தால் உலோகம் புடைத்து இடைவெளி விரிவதால் இரண்டாம் வளையத்தை நம்ப முடியாது என உணர்ந்து, 1982 டிசம்பரில் மாற்று இல்லாத உறுப்பாக அதை மறுவகைப்படுத்தினர். ஆகவே முக்கிய உறுப்பு எதுவென்று தெரியாமல் போகவில்லை. தெரிந்த பிறகும், 1983 மார்ச்சில் விதிவிலக்கு அளித்துப் பயணங்களைத் தொடர அனுமதித்தார்கள் என்பதே நெஞ்சை உறுத்தும் செய்தி.

1985 ஜனவரியில் குளிர்நாளில் ஏவப்பட்ட ஓடத்தின் ராக்கெட்டுகள் கடலிலிருந்து மீட்கப்பட்டபோது, பொறியாளர் ராஜர் போஜலே இரு வளையங்களுக்கும் இடையே கரியேறிக் கறுத்துப்போன கிரீஸைக் கண்டார். சூடான வாயு முதல் வளையத்தைத் தாண்டி வந்ததன் அடையாளம் அது. மறுஆண்டு ஜனவரி 27 இரவு, 12 டிகிரி செல்சியசுக்குக் கீழ் ஏவ வேண்டாம் என்று அவரும் உடன்பணியாற்றியோரும் வாதிட்டும் பயனில்லை. மறுநாள் காலை 2 டிகிரிக் குளிரில் ஏவப்பட்ட சேலஞ்சர் 73 நொடிகளில் சிதைந்து, ஏழு பேரும் உயிரிழந்தனர். பின்னர் விசாரணையின்போது இயற்பியலர் ஃபெயின்மன் வளையத்தின் ஒரு துண்டைக் கவ்வியால் நெரித்துப் பனிநீரில் அமிழ்த்தி எடுத்துக் காட்டினார். கவ்வியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை.

அதன்பின் இணைப்பு திருத்தி வடிவமைக்கப்பட்டு, மூன்றாம் வளையமும் வெப்பமூட்டியும் சேர்க்கப்பட்டு, 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி விண்ணோடம் பறந்தது. அந்த இணைப்பு மீண்டும் எந்த ஓடத்தையும் பலிகொள்ளவில்லை. ஆனால் 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்தது. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்திருந்தது. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்து விழுந்ததைப் பொறியாளர்கள் பார்த்தே இருந்தனர்.