உதிரப்பட்டியும் தூண்டிலும்



போரில் மடிந்த வீரனுக்குக் கல் நட்டதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. அவன் குடும்பம் பிழைப்பதற்கு வரியில்லா நிலமும் விட்டார்கள். அந்நிலத்திற்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரம் சிந்தியவனுக்காக விடப்பட்டது என்பது பொருள். கல் அவன் பெயருக்கு, பட்டி அவன் வீட்டு அடுப்புக்கு.

இதே எண்ணம் அமெரிக்காவில் வேறோர் உருவில் வழங்குகிறது. அங்கே காட்டில் வேட்டையாடவும் ஏரியில் தூண்டில் போடவும் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். படைச் சேவையில் உயிர் நீத்தவரின் குடும்பத்தாருக்குச் சில மாநிலங்கள் அந்த லைசென்ஸை இலவசமாகவே தருகின்றன. அவர்களைப் பொன் நட்சத்திரக் குடும்பத்தார் என்பார்கள். முதல் உலகப் போரின்போது, மகனைப் போருக்கு அனுப்பிய வீடுகளின் பலகணியில் நீல நட்சத்திரம் தைத்த கொடி தொங்கும். அவன் இறந்த செய்தி வந்தால் நீலத்தின் மேல் பொன் நட்சத்திரத்தைத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து வந்த பெயர் இது.

தூண்டில் லைசென்ஸுக்கு எவ்வளவு பணம் ஆகிவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். பெருந்தொகை அன்று. ஆனால் தந்தை தன் பிள்ளையை அழைத்துச் சென்ற அதே ஏரிக்கரைக்கு அவன் இல்லாத காலத்திலும் அப்பிள்ளை உரிமையோடு போகலாம். மேலும், பல இடங்களில் மனைவி மக்களோடு பெற்றோரும் உடன்பிறந்தோரும் இச்சலுகைக்கு உரியவர்கள். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது.

இனி, போர்ட் பிளேரை அடுத்த பத்துபஸ்திக்கு வருவோம். 2024-இல் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. பழகிய நாவுக்குப் போர்ட் பிளேர்தான் வருகிறது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் மூத்த மகன் எல்லையில் உயிர் விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயும் தந்தையும் தோணி ஓட்டும் தம்பியும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சலுகை இவர்களுக்குப் பொருந்துமா?

வேட்டை பொருந்தாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சில விலங்குகளை வேட்டையாட லைசென்ஸ் அளிக்க இடம் வைத்திருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அதனை நீக்கிவிட்டது. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் அந்தமானில் பெருகித் தளிர்களை மேய்ந்து தொல்லை தருகிறது; அதையும் நம் விருப்பப்படி சுட முடியாது. நிக்கோபார்ப் பழங்குடியினருக்கு மட்டும் 1967-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி வேட்டை உரிமை உண்டு, சட்டமும் அதில் கை வைக்கவில்லை. அது அவர்களின் வாழ்முறை. பிறர் பங்கு கேட்பது முறையாகாது.

கடலின் நிலை வேறு. 2003-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகுக்குப் பதிவும் லைசென்ஸும் கேட்கிறது. தூண்டில் இங்கே பொழுதுபோக்கன்று. சூரையும் சீலாவும் கிடைத்தால்தான் பலர் வீட்டில் உலை கொதிக்கும். வீரனின் தம்பிக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுத்தால் அரசாங்கத்துக்குப் பெரிய நட்டம் வந்துவிடாது. நம் உதிரப்பட்டிக்கு இதைவிட நெருங்கிய வடிவம் தீவுகளில் இல்லை என்பது என் எண்ணம்.

முன்மாதிரி ஒன்று தீவுகளிலேயே உண்டு. 1969 முதல் மகா நிக்கோபாரின் காம்பெல் பே பகுதியில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் 300-க்கு மேல் குடியேற்றப்பட்டன. குடும்பத்துக்கு ஏறத்தாழ 11 ஏக்கர் நிலம் கிடைத்தது. காட்டை வெட்டித் தென்னை வைத்தார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அவர்களது கிராமங்கள் சிலவற்றை அழித்தது.

கல் நடும் வேலையும் நடந்திருக்கிறது. 2023 ஜனவரி 23-ஆம் நாள், பெயரற்றுக் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்கரம் பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவர்களுள் ஒருவர் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25-இல் இலங்கையில் வீழ்ந்தவர். பம்பாயில் பிறந்த தமிழர் அவர். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அந்தத் தீவின் பெயர் சற்று நெருக்கமாகவே ஒலிக்கும்.

அரசாங்கம் கைவிட்டுவிட்டது என்று நான் கூறவில்லை. போரில் மடிந்தவரின் குடும்பத்துக்கு, அவர் கடைசியாகப் பெற்ற சம்பளத்துக்கு ஈடான ஓய்வூதியம் உண்டு. ஆனால் மணமானவராயின் முதல் உரிமை மனைவிக்கு. அது நியாயந்தான். பெற்றவளோ ஓர் ஓரத்தில் நின்றுவிடுகிறாள். தம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொன் நட்சத்திர ஏற்பாடு அவர்களையும் கணக்கில் வைக்கிறது.

சலுகை வரும்போது வரட்டும். உள்ளதைப் பெறுவதற்கும் காகிதம் வேண்டும். வெளிமாநிலத்திலுள்ள நம்மவர் பலர் இதில் அசட்டையாக இருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஜவானுக்குத் திருமணம் நடந்ததும், குழந்தை பிறந்ததும் அவனது படைப்பிரிவின் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று அடுத்த கடிதத்திலேயே கேளுங்கள். பெயரின் எழுத்து ஊர்ச் சான்றிதழில் ஒருவிதமாகவும் பதிவேட்டில் வேறுவிதமாகவும் இருந்தால், அவன் விடுமுறையில் வரும்போதே திருத்திவிடச் சொல்லுங்கள். ஊர் மாறிய குடும்பங்கள் சொந்த ஜில்லாவின் சைனிக் போர்டில் உள்ள பதிவையும், இப்போதைய முகவரியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.